பாட்டிக்கும் பேரனுக்கும் எது ஒத்துவரும்? எழுத்தும் கணக்கும் கற்கக் கிடைப்பவை: ஓர் அலசல்

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் எழுத்து, கணக்கு என்று பேச்செடுத்தாலே அது நேராகப் பிள்ளைகளிடம் போய்விடும். டியூஷன், பயிற்சி நூல், ஆப் எல்லாம் அவர்களுக்குத்தான். அதே வீட்டில் தோட்டத்தில் பிறந்து, இரண்டாம் வகுப்போடு நின்று, துப்புரவு வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒரு பாட்டியோ அம்மாவோ இருப்பார். கிளினிக்கில் பாரத்தை நீட்டினால், "கண்ணாடி கொண்டு வரலம்மா, நீயே எழுதிரு" என்பார். கண்ணாடி கைப்பையில்தான் இருக்கும்.

இந்த இரண்டு தலைமுறையும் சேர்ந்தோ தனித்தனியாகவோ கற்க இப்போது என்னென்ன கிடைக்கிறது, எது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கலாம். பிறை பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் நடக்கும் ஞாயிறு வகுப்பில் உதவி செய்பவள் நான். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெள்ளியும் காசும் (நம் ரிங்கிட்டும் சென்னும்) வராத கணக்குப் பாடத்தை நான் முதல் இடத்தில் வைக்க மாட்டேன்.

தமிழா, மலாயா?

ஆப்பா புத்தகமா என்று பார்ப்பதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. பெரியவர்களுக்கு என்றால் மலாய் என்பேன். தமிழ் ஆர்வலர்கள் கோபித்துக்கொள்ளட்டும். மருந்துப் பை, தண்ணீர் பில், வங்கிக் கடிதம், பேருந்துப் பலகை எல்லாம் ரூமி எழுத்தில்தான், அதாவது ஆங்கில எழுத்துகளில் எழுதிய மலாயில்தான் வருகின்றன. எழுத்து 26, பெரும்பாலும் எழுதியபடியே ஒலிக்கும். பேச்சு மலாய் சந்தையிலும் வேலையிடத்திலும் ஏற்கெனவே வந்திருக்கும். எழுத்து மட்டும்தான் பாக்கி. தமிழில் 247 என்றதும் மலைத்துப் போகிறவர்கள், இந்தப் பக்கம் சில வாரங்களிலேயே ஒரு சொல்லைத் தாமாகக் கூட்டிப் படித்துவிடுகிறார்கள். அந்த முதல் சொல்தான் அடுத்த வாரமும் அவர்களை வரவைக்கிறது.

ஆனால் ஆசை வேறு பக்கம் இருந்தால் அதைத் தடுக்கக் கூடாது. தேவாரப் புத்தகத்தைத் தானே புரட்ட வேண்டும், 'மலேசிய நண்பன்' தலைப்பையாவது வாசிக்க வேண்டும் என்று ஒருவர் வந்தால், அவருக்குத் தமிழ்தான்.

சிக்கல் என்னவென்றால், தமிழ் பேசும் பெரியவர் மலாய் எழுத்தைக் கற்க நல்ல கருவி ஒன்றும் தயாராக இல்லை. மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ ஆப்பில் இந்தோனேசிய மொழி உண்டு, மலாய் இல்லை. மலாய் இருந்திருந்தாலும் அது எழுத்து தெரிந்தவர்களுக்கான கருவி. கடைகளில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கான அசை கூட்டும் நூல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. முறை நல்ல முறைதான்: மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் அசை, இரண்டு அசை சேர்ந்து ஒரு சொல். ஆனால் சொற்கள் பந்து, குதிரை, பொம்மை. ஐம்பத்தைந்து வயதில் எத்தனை பக்கம் குதிரையைப் பார்த்துக்கொண்டிருப்பது? நான் முறையை எடுத்துக்கொண்டு சொற்களை மாற்றிவிடுவேன்: காஜி, உபாட், பாயார். சம்பளம், மருந்து, பணம் கட்டுவது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது முதல் பாடத்தில் 'பட்டா', 'படி' என்றுதான் தொடங்கினார்கள். நிலமில்லாதவருக்குப் பட்டா என்ற சொல்லை விடப் பெரிய பாடம் ஏது? நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பது காஜி.

மருந்துப் பையையே பாடமாக வைத்தால் இன்னொன்றும் தெரியவரும். 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பிட்ட பின், 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பிடும் முன். இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. புதிதாகப் படிப்பவர் முதல் அசையைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துவிடுவார். சர்க்கரை மாத்திரையில் அந்த ஊகம் ஆபத்து. சொல்லைக் கடைசி எழுத்துவரை பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்த நூலிலும் இல்லை.

கணக்கு: பள்ளிப் பாடநூலும் மற்றவையும்

கணக்கில் என் முதல் தேர்வு தமிழ்ப்பள்ளியின் ஆண்டு 1 முதல் ஆண்டு 3 வரையிலான கணிதப் பாடநூல். காரணம் எளிது. தமிழில் இருக்கிறது, வெள்ளியில் இருக்கிறது, பிள்ளையின் பையிலேயே இருக்கிறது. ஆண்டு 1-இல் எண்கள் 100 வரை, பணம் 10 வெள்ளி வரை. ஆண்டு 2-இல் 1,000 வரையும் 100 வெள்ளி வரையும். ஆண்டு 3-இல் விழுக்காடு எட்டிப் பார்க்கிறது. ஒரு பெரியவருக்கு அன்றாடம் தேவைப்படுவது ஏறக்குறைய இந்த மூன்று நூல்களுக்குள் அடங்கிவிடும். பிள்ளைக்குக் கல்வியமைச்சு தந்த இணையக் கணக்கு வழியாக, அமைச்சின் டெலிமா கற்றல் தளத்திலும் மின்னூலாகப் பார்க்கலாம். 2027 முதல் புதிய பாடத்திட்டம் வரும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதனால் யார் வீட்டிலாவது பழைய நூல்கள் கிடந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வகுப்புக்கு ஆகும்.

குறை ஒன்று உண்டு. பாடநூல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. பெரியவருக்கு அது வேண்டியதில்லை. சந்தையில் கீரை விற்ற ஒருவருக்குக் கழித்தல் தெரியாது என்று நினைத்துக்கொண்டு மேலே ஓர் எண், கீழே ஓர் எண் எழுதிக் கடன் வாங்கச் சொல்கிறோம். அவர் செய்வது வேறு. பில் 23 வெள்ளி 47 காசு என்றால், பில்லை அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிசெய்யும், 2008 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள முறைப்படி அது 23.45 ஆகக் குறையும். 48 காசாக இருந்தால் 23.50 ஆக ஏறும். ஐம்பது வெள்ளி நோட்டைக் கொடுத்தால் அவர் மேலே ஏறி எண்ணுவார்: ஐந்து காசு வைத்தால் 23.50, ஐம்பது காசு வைத்தால் 24, ஒரு வெள்ளியில் 25, ஐந்தில் 30, இருபதில் 50. மிச்சம் 26 வெள்ளி 55 காசு. தப்பே வராது. அவருக்குத் தெரியாதது, இதைத் தாளில் எப்படி எழுதுவது என்பது மட்டுமே. அங்கிருந்து தொடங்கினால் வேகமாகப் போகலாம்.

விழுக்காடும் அப்படித்தான். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று வையுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். சேமநிதிக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 11 விழுக்காடு. பத்தில் ஒன்று 170, நூறில் ஒன்று 17, கூட்டினால் 187. முதலாளி போட வேண்டியது 13 விழுக்காடு. இன்னும் இரண்டு 17 சேர்த்தால் 221. சம்பள சிலிப்பில் இந்த இரண்டு எண்ணையும் விரல் வைத்துக் காட்டச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

இதோடு ஒப்பிட்டால் கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளம் எங்கே நிற்கிறது? இலவசம், விளக்கம் தெளிவு, தப்பாகப் போட்டால் பொறுமையாகத் திரும்பக் காட்டும். இடைநிலைப் பள்ளி மாணவனுக்கும், ஆங்கிலம் தெரிந்த, பாதியில் படிப்பை விட்ட இளைஞனுக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடிப்படையிலேயே நிற்பவருக்கு இல்லை. காசுப் பாடத்தில் 25 சென்ட் நாணயம் வந்து நிற்கும். நம்மிடம் இருப்பது 5, 10, 20, 50. ஜிசிஎஃப் குளோபல் என்ற தளமும் பெரியவர்களை மனத்தில் வைத்தே 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் தொடங்கியது. சிறு பிள்ளைத்தனமான படங்கள் இல்லாதது நிம்மதி. ஆனால் அதுவும் ஆங்கிலம், அதுவும் டாலர்.

மணிச்சட்டக் கணக்கு, மாதக் கட்டண மையங்கள் பற்றிக் கேட்பார்கள். மணிச்சட்டம் கற்பிக்கும் யூசிமாஸ் 1993-இல் மலேசியாவிலேயே பிறந்தது, அதில் நமக்குப் பெருமைதான். பிள்ளைக்கு வேகமும் கவனமும் வேண்டும், வசதியும் இருக்கிறது என்றால் சேர்க்கலாம். குடும்பமாகக் கற்பதற்கு அது வழி இல்லை. அம்மா வெளியே வராந்தாவில் காத்திருப்பார். பயிற்சித் தாள் வழியாகக் கற்பிக்கும் கூமோன் மையங்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு பழக்கத்தை: தெரிந்த இடத்துக்கும் கொஞ்சம் கீழிருந்து தொடங்கித் தினமும் ஒரு தாள். அதற்குக் கட்டணம் தேவையில்லை.

தமிழ் வாசிப்பு

இங்கே போட்டி உண்மையில் ஸ்டோரிவீவருக்கும் ரீட் அலாங்குக்கும்தான். பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையக் கதைத் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரிதான். இறக்கி, அச்சடித்து, வகுப்பில் இலவசமாகக் கொடுக்க உரிமமே இடம் தருகிறது. பாட்டியும் பேரனும் பக்கத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றிப் படிக்க இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆட்டோவும் மாந்தோப்புமாக இந்தியச் சூழல் வந்தால் என்ன, பாட்டி அதிலிருந்தே தன் தோட்டத்துக் கதையைத் தொடங்கிவிடுவார். ஆனால் தப்பாகப் படித்தால் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த வேலையைச் செய்கிறது கூகுளின் ரீட் அலாங் ஆப். 2019-இல் இந்தியாவில் 'போலோ' என்ற பெயரில் வந்தது, தமிழும் உண்டு. கைப்பேசியில் கதையைச் சத்தமாகப் படித்தால் 'தியா' என்ற சின்னப் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். தடுக்கிய சொல்லைத் தொட்டால் சொல்லிக் காட்டுவாள். நட்சத்திரமும் கைதட்டலும் பிள்ளைகளுக்கானவை. இருந்தும் வெட்கப்படும் பெரியவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம். பார்த்துச் சிரிக்க ஆளில்லை. குறை என்னவென்றால், ஒலிப்பை அது எப்போதும் சரியாகப் பிடிப்பதில்லை. சரியாகச் சொன்னவரையும் திருத்தும்போது சிலர் கைப்பேசியை மூடி வைத்துவிடுவார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எழுத்தே தெரியாத நிலையில், தமிழ்நாட்டு அரசு 2022 ஜூனில் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பயிற்சி நூல்கள் உதவும். அரும்பு, மொட்டு, மலர் என்று வயதைப் பார்க்காமல் தரத்தைப் பார்த்துப் பிரித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. கணக்குப் பகுதியில் ரூபாய் வரும். தமிழை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக்கல்வி சிறு பிள்ளைகளுக்கு நன்று, பெரியவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

எங்கே உட்காருவது, யார் சொல்லித் தருவது

வீட்டில் இடமில்லை, இணையம் இல்லை என்பவர்களுக்குத் தீவில் கிரீன் லேனில் 2016-இல் திறந்த பினாங்கு மின்னியல் நூலகம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் அரசின் நாடி சமூக இணைய மையம் இருந்தால் அங்கே கணினியும் இலவசம். ஆனால் அங்கு நடக்கும் மின்னியல் பயிற்சிகள் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கானவை. எழுத்துக் கூட்டத் தெரியாதவரை முதலில் அங்கே அனுப்பாதீர்கள்.

சொல்லித் தருவதைப் பொறுத்தவரை, கதைப் புத்தகத்துக்குப் பேரனோ பேத்தியோ போதும். அவர்களுக்கும் வாசிப்புப் பயிற்சி, பாட்டி தப்பாகப் படித்தால் ஒரு குஷி. மலாய் எழுத்துக்கும் கணக்குக்கும் வெளியாள்தான் சரி. மகளிடம் கற்க உட்கார்ந்தால் பாதி நேரம் பழைய சண்டையில் போய்விடும். அதுவும் இல்லாமல், சம்பள சிலிப்பை மகனிடம் காட்ட விரும்பாத அம்மாக்கள் நிறையப் பேர். அவர்கள் பக்கத்து பிளாட் தோழியோடு சேர்ந்து வரட்டும், அந்த 187-ஐ அங்கே போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.