பழைய குடும்பக் கார்: பெட்ரோலா, டீசலா, ஹைப்ரிடா? லிட்டரில் ஒரு கணக்கு

குறைந்த பட்ஜெட்டில் செகண்ட் ஹேண்ட் குடும்பக் கார் தேடினால், பட்டியல் எவ்வளவு நீண்டாலும் கடைசியில் மூன்று வண்டிகள்தான் மிஞ்சும்: டர்போ இல்லாத சாதாரணப் பெட்ரோல், டர்போ டீசல், பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைப்ரிட். எட்டு பத்து வயது, மீட்டரில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் பக்கம், கேட்கும் விலையும் கிட்டத்தட்ட ஒன்று. என் ஓட்டு சாதாரணப் பெட்ரோலுக்கு. ஓட்டச் சுகமானது என்பதற்காக இல்லை. மூன்றில் சப்பென்று இருப்பதே அதுதான்.

இடவசதி, ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் பெரும்பாலும் மாடலைப் பொறுத்தது, எஞ்சினைப் பொறுத்தது அல்ல. டீசலின் இழுவையும் ஹைப்ரிடின் அமைதியும் ஒரு ரவுண்டு ஓட்டினாலே புரிந்துவிடும். யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: வாங்கிய பிறகு ஐந்து வருடத்தில் வண்டி நம்மிடம் என்னென்ன கேட்கும்?

மைலேஜில் மிச்சமாகும் என்றுதான் டீசலையும் ஹைப்ரிடையும் வாங்குகிறார்கள். அந்த மிச்சத்தை லிட்டரிலேயே எண்ணிப் பார்க்கலாம். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் சுமார் 667 லிட்டர் குடிக்கும். 20 தரும் டீசல் 500 லிட்டர். நகர ஓட்டத்தில் 22 தரும் ஹைப்ரிட் 455 லிட்டர். ஆக டீசலில் வருடத்துக்கு 167 லிட்டர் மிச்சம், ஐந்து வருடத்தில் 835 லிட்டர் போல. ஹைப்ரிடில் ஐந்து வருடத்துக்கு 1,060 லிட்டர். டீசல் மலிவாக விற்கும் இடமாக இருந்தால் அந்த வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு நல்ல ஒர்க்ஷாப்பில், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் டீசல் மாடலுக்கு எரிபொருளைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டர், டர்போ, டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி, டூயல் மாஸ் ஃப்ளைவீலோடு (அதிர்வைத் தாங்கும் இரட்டைச் சக்கரம்) கிளட்ச் செட், இந்த நான்கின் விலையையும் கேளுங்கள். ஒவ்வொன்றையும் எரிபொருள் லிட்டராக மாற்றுங்கள். ஹைப்ரிட் என்றால் பெரிய பேட்டரி ஒன்றின் விலை போதும். பெரும்பாலான வண்டிகளில், இவற்றில் ஏதோ ஒன்று வந்தாலே ஐந்து வருட மிச்சத்தில் பெரும்பகுதி காலி. இரண்டு வந்தால் கடன். எட்டு முதல் பன்னிரண்டு வயதுதான் இவை வரிசையாக வரும் வயதும்கூட. முதல் சொந்தக்காரர் மிச்சத்தை அனுபவித்துவிட்டார், செலவு இரண்டாமவருக்கு.

சாதாரணப் பெட்ரோலின் பலம், அதில் இல்லாத பாகங்கள். டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை, பல மாடல்களில் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் இல்லை. பெட்ரோலைச் சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் வழியில் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் அது 3, 4 பார் அழுத்தத்தில்தான் பீய்ச்சப்படுகிறது. இன்றைய காமன் ரெயில் வகை டீசல் எஞ்சினில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். அவ்வளவு அழுத்தத்துக்கு இன்ஜெக்டர் ஊசிக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில் இருக்கும். கொஞ்சம் தண்ணீரோ தூசியோ கலந்த டீசல் போதும், கதை முடிந்தது. 3 பார் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டலாம். இன்னொன்று: போர்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் படுவதால் வால்வு கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும், கரி ஏறுவது குறைவு.

சரி, இதில் என்னதான் கெடும்? பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் போகும். வண்டி உதறும், எஞ்சின் விளக்கு மினுக்கும். மினுக்கும்போது ஓட்டிக்கொண்டே போகக் கூடாது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். வால்வு கவர் கேஸ்கெட் கசிந்து பிளக் குழிக்குள் ஆயில் இறங்கும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், எஞ்சின் மவுன்ட், த்ராட்டில் பாடியில் அழுக்கு. பெரும்பாலும் ஒரு நாள் வேலை, எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த வேலை.

பயப்பட வேண்டியவை மூன்று. முதலாவது, வால்வையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட். பெல்ட் உள்ள எஞ்சின்களில் பலவற்றுக்கு 90,000, ஒரு லட்சம் கிலோமீட்டர் அல்லது ஐந்து முதல் ஏழு வருடம், எது முன்னால் வருகிறதோ அதுதான் கெடு. சரியான எண் அந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். ஓட்டம் குறைவு என்று வருடத்தை மறந்துவிடுகிறார்கள். அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும் வகை எஞ்சின்களே அதிகம். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர் உருளைகள், அந்தப் பெல்ட்டிலேயே ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்ப்பும் சேர்த்த செலவை விலையில் கழியுங்கள். பெல்ட்டுக்குப் பதில் செயின் என்றால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் கரகரவென்று சத்தம் ஓரிரு நொடிக்கு மேல் நீடிக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஆயில் குடிப்பது. ஆயிலைக் காலம் தாழ்த்தி மாற்றிய எஞ்சினில் பிஸ்டனின் ஆயில் ரிங் கரியில் ஒட்டிக்கொள்ளும். இறக்கத்தில் கியரில் போட்டபடியே ஆக்ஸிலரேட்டரை விட்டு இருபது நொடி இறங்கி, பிறகு நன்றாக மிதியுங்கள். பின்னால் நீலப்புகை வந்தால் வால்வு சீலோ ரிங்கோ போயிருக்கிறது. மூன்றாவது, எஞ்சினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையே இருக்கும் ஹெட் கேஸ்கெட். எக்ஸ்பான்ஷன் டேங்கில் நிறமுள்ள கூலன்ட்டுக்குப் பதில் துருத் தண்ணீர் இருந்தால், யாரோ கசிவைத் தண்ணீர் ஊற்றியே சமாளித்திருக்கிறார்கள்.

பெட்ரோல் என்று எழுதியிருக்கும் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. டர்போவும், சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷனும் வைத்த சிறு எஞ்சின்களை மூன்றாவது கையாக வாங்க நான் சொல்லமாட்டேன். அவற்றில் சில, எண்ணெய்க்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் வைத்தவை. ஃபோர்டின் ஆரம்ப 1.0 ஈகோபூஸ்ட், பியூஜோ சிட்ரோயன் குழுமத்தின் 1.2 ப்யூர்டெக் இரண்டும் இதற்குப் பெயர் போனவை. பெல்ட்டின் ரப்பர் உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும், ஆயில் அழுத்தம் விழும்.

கியர்பாக்ஸ் பற்றி ஒரு வரி: மேனுவல், இல்லையென்றால் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். பெல்ட்டில் ஓடும், கியர் படிகள் இல்லாத சிவிடி என்றால் ஆயில் மாற்றிய ரசீது வேண்டும். உலர் கிளட்ச் டிசிடியை (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) நெரிசலில் ஊர்ந்து போகிற வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், உதறினால் விட்டுவிடலாம்.

டீசலுக்கு வருவோம். அதைக் குறை சொல்லி ஒதுக்க முடியாது, ஆனால் ஓட்டுகிற விதம் பொருந்த வேண்டும். வருடத்துக்கு 25,000 கிலோமீட்டர், அதுவும் நெடுஞ்சாலையில் என்றால் மிச்சம் வருடத்துக்கே 417 லிட்டர். என் கணக்கு அங்கே தலைகீழாகும். நகருக்குள் நாலு கிலோமீட்டர் பள்ளி, இரண்டு கிலோமீட்டர் கடை என்று ஓடுகிற குடும்பத்துக்குத்தான் ஆகாது. டிபிஎஃபில் சேரும் கரி தானாக எரிய, அதனுள் சுமார் 600 டிகிரி சூடும், நிற்காத ஓட்டம் பத்து இருபது நிமிடமும் வேண்டும். பாதியில் வண்டியை நிறுத்த நிறுத்த, கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்று, டீசல் வாடையும் அடித்தால் இதுதான் நடந்திருக்கிறது.

சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். டிபிஎஃப் ஒழுங்காக உள்ள வண்டியில் விரலில் அநேகமாக ஒன்றும் ஒட்டாது. கன்னங்கரேலென்று கரி வந்தால், உள்ளே வெடிப்பு, அல்லது வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு மென்பொருளில் மறைத்திருக்கிறார்கள். பல நாடுகளில் அது சட்ட விரோதம், புகைச் சோதனையிலும் மாட்டும். பழைய டீசலை உள்ளே விடாத, விட்டாலும் கட்டணம் கேட்கும் நகரங்கள் கூடிக்கொண்டே போவதால் திரும்ப விற்கும்போதும் அடி விழும். இன்ஜெக்டருக்கு லீக்-ஆஃப் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்: நாலு குழாயிலும் திரும்பி வரும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும்.

ஹைப்ரிடில் நான் சொல்வது 1997இல் ஜப்பானில் பிரியஸோடு வந்த டொயோட்டா முறைக்கு மட்டும். வெளியே மின்சாரம் எடுத்துச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் வகைக்கு இதை அப்படியே பொருத்த வேண்டாம். கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. இ-சிவிடி என்ற பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பெல்ட் அல்ல, கோள் கியர். நம்பகத்தில் இது டீசலைவிட ஒரு படி மேல் என்பது என் எண்ணம். பிரச்சினை பேட்டரியின் வயது. இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் 7.2 வோல்ட் தொகுதிகள் 28, மொத்தம் 201.6 வோல்ட். தொடராக இணைத்தவை என்பதால் ஒன்று சோர்ந்தாலும் முழுப் பேட்டரியும் முடங்கும். அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். மற்ற 27க்கும் அதே வயதுதானே! பின் சீட்டருகே இருக்கும் பேட்டரி விசிறியின் காற்று வழி தூசியில் அடைந்திருந்தால், அந்தப் பேட்டரி வெந்தே வாழ்ந்திருக்கிறது. மூன்றாம் தலைமுறையில், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் அடைத்து ஹெட் கேஸ்கெட் போவதும் தெரிந்த வியாதி. புதுப் பேட்டரி விலையையும் சேர்த்தே பட்ஜெட்டுக்குள் வந்தால் தாராளமாக வாங்கலாம்.

எந்த வண்டியானாலும், நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் கேட்கக் கூடாத ஏதோ சத்தம் இருக்கலாம். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று கையில் இருக்கட்டும். பிழைக் குறியீடு ஒன்றுமில்லை என்பதோடு நிற்காமல், வண்டியின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டரைப் பாருங்கள். பாதிக்கு மேல் தயாராக இல்லை என்று காட்டினால், குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பெட்ரோல் வண்டியில், கணினி பெட்ரோல் அளவை எவ்வளவு திருத்துகிறது என்று காட்டும் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் திருப்பியதைப் பிடிக்க பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம், டயர் ஆகியவற்றின் தேய்மானத்தைப் பாருங்கள். டயரின் நாலு இலக்கம் 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டி இரண்டாம் செட் டயரில் நின்றால் கேள்வி கேளுங்கள்.

பட்ஜெட்டில் பத்து, பதினைந்து சதவீதத்தைத் தொடாமல் வையுங்கள். எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், பிளக், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் என்று முதல் மாதமே போய்விடும்.

60,000 ஓடி ரசீதே இல்லாத பெட்ரோல் வண்டியும், 1,30,000 ஓடி ஒவ்வொரு 10,000க்கும் ஆயில் மாற்றிய ரசீது வைத்திருக்கும் வண்டியும் ஒரே விலைக்கு வந்தால் இரண்டாவதை எடுங்கள். சந்தேகமிருந்தால் இரண்டிலும் ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஒழுங்காகப் பராமரித்த எஞ்சினில் உலோகம் தேன் நிறத்தில் பளபளக்கும். தார் போலக் கெட்டியாகக் கறுப்பு அப்பியிருந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் மூடியை மூடிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.