குண்டுப் பூனையை ஓடவைத்த தூண்டில்: இரண்டு வருட அனுபவம்

எங்கள் பூனை பஞ்சுவைத் தராசில் ஏற்றியபோது 5.9 கிலோ காட்டியது. மருத்துவர் மருந்து எதுவும் எழுதவில்லை. "விளையாட வைங்க, சாப்பாட்டை அளந்து போடுங்க. பட்டினி மட்டும் போட்டுடாதீங்க" என்றார். குண்டான பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடுமாம். ஆக, குறைப்பதானால் மெல்ல மெல்லத்தான்.

பஞ்சு கருத்தடை செய்த நாட்டுப் பூனை. அப்போது நான்கு வயது. சென்னையில் மூன்றாவது மாடி ஃப்ளாட், பால்கனியில் வலை. ஏற மரம் இல்லை, நடக்க மதில் இல்லை, துரத்த எலியும் இல்லை. குட்டியில் ஃப்ரிட்ஜ் மேல்தான் குடியிருப்பான். அந்தச் சமயத்தில் அதையும் விட்டுவிட்டு சோபாவுக்கும் கிண்ணத்துக்கும் இடையே நடமாடிக்கொண்டிருந்தான்.

முதலில் வாங்கியது பேட்டரியில் தானாகச் சுற்றும் இறகுப் பொம்மை. நான் வேலை பார்க்கும்போது அது பாட்டுக்கு அவனை ஓடவைக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்று நாள் ஓடினான். நான்காம் நாள், அது எப்போதும் ஒரே வட்டத்தில்தான் வரும் என்று கண்டுபிடித்து, படுத்தபடியே கையை நீட்டி நிறுத்தினான். அடுத்த வாரம் அதன் மேல் தலை வைத்துத் தூங்கினான். தொள்ளாயிரம் ரூபாய்த் தலையணை.

அப்புறம் லேசர். ஓடுவதென்னவோ பேயோட்டம்தான். ஆனால் கடைசியில் கையில் அகப்பட ஒன்றும் இல்லை. அணைத்த பிறகும் சுவரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பத்து நாளில், என் கைக்கடிகாரக் கண்ணாடியில் பட்டு ஓடும் வெளிச்சத்துக்கெல்லாம் துள்ள ஆரம்பித்தான். பார்க்கவே பாவமாக இருந்தது, நிறுத்திவிட்டேன். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் கண்ணில் படாமல் அடியுங்கள். முடிக்கும்போது புள்ளியைக் கொண்டுபோய் ஒரு கோழித்துண்டின் மேல் நிறுத்துங்கள், எதையோ பிடித்த திருப்தியாவது கிடைக்கும்.

கடைசியில் நிலைத்தது தூண்டில் பொம்மை. குச்சி, கயிறு, நுனியில் இறகு, அவ்வளவுதான். இதையும் ஆரம்பத்தில் நான் தப்பாகத்தான் ஆட்டினேன். அவன் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் ஆட்டினால், காதை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவான். எந்த எலியாவது தானே பூனையின் வாய்க்கு வருமா? இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏற எனக்கு ஒரு மாதம் ஆனது. இறகு அவனை விட்டு விலகிப் போக வேண்டும். கால்மிதியின் அடியில் நுழைய வேண்டும், அங்கே அசையாமல் நிற்க வேண்டும், பிறகு நுனி மட்டும் லேசாகத் துடிக்க வேண்டும். அப்போது பாருங்கள்: கண்மணி அகலமாகிக் கண்ணே கறுப்பாகும், தாடை தரையில் படியும், பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடும், அப்புறம் ஒரே பாய்ச்சல். பம்மிக் கிடக்கும் அந்த இரண்டு நிமிடத்தையும் விளையாட்டுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். 'சும்மாதானே படுத்திருக்கிறான்' என்று நான் எத்தனையோ முறை பாதியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு வேளைக்குப் பத்து நிமிடம். காலையில் ஒன்று, இரவு பத்தரைக்கு ஒன்று. கடைசி இரண்டு நிமிடம் இறகை அடிபட்ட குருவி மாதிரி மெதுவாக்கி, அவன் பிடித்துக் கவ்வவிட்டு, உடனே கிண்ணத்தில் சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிக்கொள்வது, தூக்கம். இந்த வரிசை ஒழுங்காக நடந்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு என் காலைக் கடித்து எழுப்புவதில்லை. எடை குறைவதற்கு முன்பே கிடைத்த லாபம் இது. சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் காலை ஆட்டத்தை ஆறு மணிக்குள் முடித்துவிடுவேன். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

பசியோடு இருக்கும் பூனை அதிகம் விளையாடும், ஒரே பொம்மை சீக்கிரம் சலித்துவிடும் என்று இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் அப்படியே பலித்தன. இறகு, பழைய துண்டின் கிழிசல், தோல் வார் என்று மூன்று நுனிகளைப் பிஸ்கட் டப்பாவில் வைத்து மாற்றி மாற்றிக் கட்டுகிறேன்.

கடையில் வாங்கிய இறகு ஆறு வாரத்தில் மொட்டையாகிவிடும். அது பெரிய குறை இல்லை. கயிறுதான் உண்மையான ஆபத்து. பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. நூல் வாய்க்குள் போனால் துப்ப வராது, உள்ளேதான் போகும், குடலைச் சுருட்டி அறுத்துவிடவும் கூடும். ஒருநாள் அசதியில் தூண்டிலை நாற்காலி மேலேயே விட்டுவிட்டேன். காலையில் எலாஸ்டிக் கயிற்றில் நாலு விரற்கடை காணோம். இரண்டு நாள் மணல் தட்டைக் கிளறிக் கிளறித் தேடினேன். நல்லவேளை, வெளியே வந்துவிட்டது. "பின்னால் நூல் தொங்கினாலும் நீங்க இழுக்கக் கூடாது, தூக்கிட்டு வாங்க" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இப்போது ஆட்டம் முடிந்ததும் தூண்டில் பீரோவுக்குள் போகிறது. அந்தப் பீரோ திறக்கும் சத்தத்துக்கு அவன் எங்கிருந்தாலும் ஓடி வருகிறான் என்பது வேறு விஷயம்.

பழக்குவதும் விளையாட்டோடு விளையாட்டாகவே நடந்தது. கிளிக்கர் என்று, பழக்கும்போது 'டிக்' சத்தம் கொடுக்கும் கருவி எதையும் தனியாக வாங்கவில்லை. பால்பாயிண்ட் பேனாவின் 'டிக்'தான். டிக், உடனே கடுகளவு வேகவைத்த கோழி. மூன்று நாளில் சத்தத்தின் அர்த்தம் புரிந்துவிட்டது. அதை வைத்து, ஆஸ்பத்திரிக் கூண்டுக்குள் தானாக நுழையப் பழக்கினேன். முதலில் கூண்டை எட்டிப் பார்த்தால் ஒரு டிக், தலையை விட்டால் ஒரு டிக், உள்ளே உட்கார்ந்தால் ஒரு டிக். ஐந்து வாரம் ஆனது. அதற்கு முன் அவனைக் கூண்டில் அடைக்க இரண்டு ஆளும் ஒரு போர்வையும் தேவைப்பட்டன. தம்பி மகன் விரலை ஆட்டி ஆட்டிக் கையைப் பிறாண்டக் கற்றுக்கொடுத்துவிட்டான், அந்தப் பழக்கத்தை மறக்கடிப்பதுதான் இன்னும் முழுதாக முடியவில்லை.

இடையில் ஒன்று. பூனைகளை மயக்கும் கேட்நிப் என்ற வெளிநாட்டுச் செடியின் பொடியை இவன் மோந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மயக்கம் பரம்பரையாக வருவது, எல்லாப் பூனைக்கும் இருக்காது. ஆனால் தொட்டியில் முளைத்த குப்பைமேனியை அம்மா வேரோடு பிடுங்கிப் போட்டதும் அதன் மேல் புரண்டு உருண்டான். "பூனைவணங்கின்னு சும்மாவா பேர் வச்சாங்க" என்றார் அம்மா. தின்ன விடுவதில்லை. எப்போதாவது ஒருமுறை வேரை மோந்து பார்க்க மட்டும்.

எடையை வீட்டிலேயே பார்க்கிறேன். அவனைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தூக்காமல் ஒருமுறை நின்று கழித்துக்கொள்வேன். பதினான்கு மாதத்தில் 4.9 கிலோவுக்கு வந்தான், அதற்கப்புறம் அங்கேயே நிற்கிறான். விளையாட்டு மட்டும் இதைச் செய்திருக்காது, அளந்து போட்ட சாப்பாட்டுக்குப் பாதிக்கு மேல் பங்கு உண்டு. போன மாதம் மறுபடி ஃப்ரிட்ஜ் மேல் ஏறினான். அங்கே இருந்த ஆவக்காய் ஜாடி கீழே வந்தது. அம்மா இன்னும் அவனிடம் பேசவில்லை.