கடலூர்க் காற்றில் கார்: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கா, கம்பெனி சர்வீஸா?

சில்வர் பீச்சுக்குப் பக்கத்தில் காரை வெட்டவெளியில் நிறுத்துகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காலையில் பானட்டில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். தண்ணீர் விடாமல் வைப்பரைப் போட்டால் கண்ணாடி முழுக்க மங்கலாக இழுக்கும். பனியோடு உப்பும் சேர்ந்து படிந்திருக்கிறது. அந்த உப்பு கண்ணாடியோடு நிற்பதில்லை; கதவின் அடிப்பகுதி, சைலன்சர், பேட்டரி முனை என்று எங்கெல்லாம் இரும்பும் ஈயமும் திறந்து கிடக்கிறதோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்பது வருடமாகத் தேவனாம்பட்டினத்தில் ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் கன்னியக்கோயில், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி போய் வருகிறேன். கம்பெனி சர்வீஸ், தெருமுனை மெக்கானிக், என் சொந்தக் கை என்று மூன்று வழியையும் பார்த்தாகிவிட்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு என்னவென்று பார்க்கிற வேலையை நாமே தொடங்க வேண்டும். கழற்றி மாட்டுகிற வேலையை யாரிடம் கொடுப்பது என்பது அதற்கப்புறம்தான்.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு பேட்டரி. மூன்று வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மாதக் காலை, மகளுக்குப் பரீட்சை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. ‘டக்டக்டக்’ என்று வேகமாக ஒரு சத்தம் மட்டும். மகளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். வந்தவர் மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. “பேட்டரி போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, தெருமுனை மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பாசிட்டிவ் முனையின் ரப்பர் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே நீலமும் வெள்ளையுமாகப் பொடி, பூஞ்சை பிடித்த மாதிரி பூத்திருந்தது. கிளாம்பைக் கையால் அசைத்தால் ஆடியது. சுத்தம் செய்து முடுக்க கால் மணி நேரம். அதே பேட்டரி இன்னும் ஒன்றரை வருடம் ஓடியது.

அன்றைக்கே 400 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது; அப்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் புதுப் பேட்டரி போட்டும் பிரயோஜனமில்லை, இரண்டு நாளில் அதுவும் படுத்துவிடும். 12.6 இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முனைகளையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பாருங்கள்.

சத்தத்தையும் கவனியுங்கள். வேகமான டக்டக் சத்தம் வந்தால் கரண்ட் போதவில்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு நின்றால் பெரும்பாலும் ஸ்டார்ட்டர். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் வரவில்லை, இல்லை ஸ்பார்க் இல்லை. இவ்வளவையும் நீங்கள் போனிலேயே சொல்லிவிட்டால், எந்த மெக்கானிக்கும் சரியான சாமானோடு வருவார்.

முனையைச் சுத்தம் செய்வதை நாமே செய்யலாம். பெரும்பாலான வண்டிகளுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அது கடைசி. மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கிற ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்டியபின் மேலே வாஸ்லின் தடவுங்கள். அந்தப் பொடி கண்ணில் படக்கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை ஓரத்து வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்தால் போதும். கம்பெனி சர்வீஸுக்கு வருடத்துக்கு ஒரு முறை விடுவதால் மட்டும் இது தீராது, அதற்குள் பூத்துவிடும்.

டயர் காற்றில் போட்டியே இல்லை, நாம்தான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் அளவு இருக்கும். டயர் சூடாவதற்கு முன் காலையில் பிடியுங்கள். பெட்ரோல் பங்கில் நைட்ரஜன் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அதற்காக அலைய வேண்டாம்; சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் விஷயத்தில் எனக்கு மூன்று தரப்பின் மேலும் குறை உண்டு. நம்மில் பலர் பானட்டைத் திறப்பதே இல்லை. தெரு மெக்கானிக் அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு, அப்புறம் மாற்றச் சொல்ல மறந்துவிடுகிறார். சர்வீஸ் சென்டரில் அட்டவணைப்படி செய்கிறார்கள், ஆனால் நடுவில் அளவு குறைந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு படிகிறதே, அதே ஏடு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். கூலன்டில் இருக்கிற துருத் தடுப்பு மருந்து குழாய்த் தண்ணீரில் இல்லை. அதனால் வாரம் ஒரு முறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, ரிசர்வ் டேங்கில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை வைத்து வாங்காதீர்கள், கையேட்டில் சொன்ன வகையைக் கேளுங்கள். கலக்க வேண்டியதாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அடிக்கடி அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைத் தேடுவதில் தெருமுனை அண்ணனை மிஞ்ச ஆள் இல்லை. அவசரமில்லாமல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பம்ப், ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார்.

இன்ஜின் ஆயிலை நாமே மாற்றலாம் என்று பலர் சொல்கிறார்கள். செய்து பார்த்தேன், இப்போது செய்வதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. வடித்த பழைய ஆயிலைக் கால்வாயில் கொட்டுவது கெடிலம் ஆற்றுக்குச் செய்கிற துரோகம். ஆயிலையும் ஃபில்டரையும் நாமே வாங்கிக் கொடுத்து, மெக்கானிக்கிடம் கூலி மட்டும் கொடுப்பது நல்ல நடு வழி. டப்பாவின் சீலை நம் முன்னால் பிரிக்கச் சொல்லலாம். வாரன்டி இருக்கிற வண்டியை மட்டும் கம்பெனிக்கே விடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஏசி ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டும் நம் வேலை; பல வண்டிகளில் ஸ்பேனரே தேவையில்லை.

பிரேக்கை நான் தொடுவதில்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும்; ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை குறையும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் இரண்டுக்கும் கம்பெனி சர்வீஸ்தான், அதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால்தான் மூவருக்கும் உண்மையான போட்டி. ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிற ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் செல்போனில் கோளாறின் குறியீட்டு எண் வந்துவிடும். ஆனால் எந்த இடத்தில் வலிக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது. எனக்கு ஒரு முறை பி0171 வந்தது. இன்ஜினுக்குப் போகிற கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஒரு இடத்தில் சென்சார் மாற்றச் சொன்னார்கள். அண்ணன் வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டு, ‘ஸ்ஸ்’ என்று காற்று இழுக்கிற வெடித்த வேக்குவம் குழாயைக் காட்டினார். எண்பது ரூபாய்க் குழாய். அதே அண்ணன் ஒரு கியர்பாக்ஸ் மென்பொருள் கோளாறைக் கையில் வாங்காமல், “இதைக் கம்பெனியில காட்டுங்க” என்று திருப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஸ்கேனரைத் தேடாதீர்கள், வண்டியை ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

துருவுக்கு அண்டர்பாடி கோட்டிங் போடச் சொல்வார்கள். புது வண்டிக்கு நல்லது. ஏற்கெனவே துரு ஏறிய இரும்பின் மேல் அப்படியே அடித்தால், உள்ளே ஈரத்தை அடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். அதைவிட மாதம் ஒரு முறை வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கதவின் அடி ஓரத்தில் இருக்கிற சின்ன வடிகால் துளைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். என் வண்டியில் முதல் முறை குத்தியபோது பழுப்பு நிறத் தண்ணீர் கால் டம்ளர் வடிந்தது.

கடைசியாக மழைத் தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மறுநாள் தெருவில் மூழ்கி நின்ற கார்களுக்குள் பலர் ஏறி சாவியைத் திருப்பியதைப் பார்த்தேன். அந்த ஒரு திருப்பலில் இன்ஜின் போகும். சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியில் நாம் செய்யக்கூடியது, முடிந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது, தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று போட்டோ எடுப்பது, இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்வது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. தூக்கிக்கொண்டு போகிற டோ வண்டி வரட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே தண்ணீர் இல்லை என்று பார்த்த பிறகு அண்ணனோ கம்பெனியோ சாவியைத் திருப்பட்டும்.