ஒன்பது மழைக்காலம் என்னோடு நனைந்த வண்ணப் பெட்டி

2016 டிசம்பரில் இந்தப் பெட்டியை வாங்கினேன். தகரப் பெட்டி, உள்ளே வெள்ளை எனாமல் பூச்சு. பன்னிரண்டு சின்ன கேக்குகள், அதாவது காய்ந்த நீர்வண்ணக் கட்டிகள், உட்காரும். மூடியைத் திறந்தால் அதுவே வண்ணம் கலக்கும் தட்டு, அடியில் கட்டைவிரல் நுழைக்க ஒரு வளையம். 2017 முதல் 2025 வரை ஒன்பது மழைக்காலமும் இதைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே போய் வரைந்திருக்கிறேன். பொருள் வாங்கிய வாரத்திலேயே எழுதும் மதிப்புரைகள் நிறைய கிடைக்கின்றன. ரங்கூன் ஈரத்தில் அந்தப் பொருள் என்ன ஆகும் என்பது அவற்றில் இருக்காது. நான் தேடியபோது கிடைக்காததை எழுதிவைக்கிறேன்.

நிலக்காட்சி வரைவதுதான் எனக்குத் தொழில். வாரத்தில் நான்கு நாள் வெளியே, சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு, மற்ற நாள் சட்டம் போடுவதும் கேட்டவர்களுக்குப் படம் முடித்துக் கொடுப்பதும். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் வட்டப் பாதை ரயிலைப் பிடித்துவிடலாம். நகரத்தைச் சுற்றி 46 கிலோமீட்டர் ஓடும் ரயில் அது. தன்யிங்கோன் சந்தைப் பக்கம் இறங்கினால் தண்ணீருக்குள் கீரைப் பாத்திகள். மழை விட்ட அரை மணி நேரத்தில் வானமும் பாத்தித் தண்ணீரும் ஒரே நிறத்தில் கிடக்கும், நடுவில் கீரைக்காரர்களின் ஓலைத்தொப்பிகள் மட்டும் வெளுப்பாகத் தெரியும். அந்த அரை மணிக்காகத்தான் மழைக்காலத்தில் வீட்டில் இருக்க மனம் வராது.

முதலில் பெட்டி. கீல் இரண்டாம் வருஷம் துருப்பிடித்தது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடைத்ததில் இன்றுவரை ஓடுகிறது. எனாமல் இரண்டு மூலையில் பெயர்ந்திருக்கிறது, அங்கே மட்டும் மஞ்சள் கலந்தால் அழுக்கேறும். பெட்டியைப் பற்றி வேறு குறை இல்லை. இன்னொன்று வாங்க வேண்டி வந்தாலும் இதே மாதிரிதான் வாங்குவேன்.

உள்ளே இருந்த வண்ணங்களோடு பழகத்தான் நாளாயிற்று. நீர்வண்ணத்தில் நிறப்பொடியைப் பிடித்துவைப்பது கருவேலம் பிசின். காய்ந்து வெடிக்காமலிருக்க கிளிசரினோ தேனோ சேர்ப்பார்கள். தேன் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழை குறைந்த, வறண்ட பகானில் அது வரம், கேக்கைத் தூரிகையால் தொட்டதும் நிறம் எழும்பி வரும். அதே கேக் ரங்கூனில் ஜூலை மாதம் காயவே காயாது. பையில் பெட்டி சாய்ந்தால் பச்சை வழிந்து சிவப்பில் இறங்கும். ஈரத்தோடு மூடி வைத்தால் மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருக்கும். இப்போது தேன் சேர்த்த வண்ணம் மழைக்காலத்தில் டியூபோடு சரி, கேக்காக ஊற்றுவதில்லை. வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்தபடி இரவு முழுக்க அலமாரி மேல் வைத்துவிடுவேன். டியூபிலிருந்து புதிதாக ஊற்றும்போது கிராம்பு எண்ணெய் ஊசிமுனை அளவு சேர்ப்பதும் உதவுகிறது.

ஆனால் எனக்கு உண்மையான நஷ்டம் வந்தது தாளால்தான்.

2019 ஆகஸ்ட். சௌக்தானில் ஆற்றின் நடுவே நிற்கும் யேலே பகோடாவை வரைய உட்கார்ந்திருந்தேன். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாள். வருஷக்கணக்காகச் சேர்த்து வாங்கி, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த கட்டு. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்து மேலிருந்து கீழே ஒரே வீச்சில் வாஷ் விட்டேன், அதாவது நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசினேன். மேகம் இறங்கிவரும் வானம். ஒரு நிமிஷத்துக்குள் வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறுத்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த படித்துறை டீக்கடைத் தாத்தா, "என்னம்மா, வானத்தைக் கரையான் அரிச்சாப்புல இருக்கே" என்றார்.

"தாளு கெட்டுப்போச்சு தாத்தா."

"தாளு எப்படிம்மா கெடும்?"

நல்ல தாளுக்கு ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பார்கள். அதுதான் தண்ணீரைக் கொஞ்ச நேரம் மேலேயே நிறுத்திவைக்கிறது. ஈரம் புகுந்து பூஞ்சை அந்தப் பசையைத் தின்றுவிட்டால், தின்ற இடமெல்லாம் ஒற்றுக்காகிதம் போல் உறிஞ்சும். கொடுமை என்னவென்றால் வெறும் தாளைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வண்ணம் விட்ட பிறகுதான் தெரியும். இதை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"விதைநெல்லு மாதிரிதான். எந்த மாசம் கட்டி வெச்சீங்க?"

"ஜூன்ல."

"ஆனியில கட்டுனா ஈரத்தையும் சேர்த்துல்ல கட்டிட்டீங்க? நாங்க தையில காயவெச்சு, தையிலயே கட்டுவோம்."

எத்தனையோ குறிப்புகளைப் படித்திருக்கிறேன், இதைத் தெளிவாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் காற்றுப் புகாமல் கட்டினால், ஈரத்தைத் தாளோடு சேர்த்துச் சிறைவைக்கிறோம் என்றுதான் அர்த்தம். 2020 முதல் தாளை ஜனவரியில்தான் பிரித்து, இரண்டு நாள் நிழலில் கொடியில் போட்டு, பிஸ்கட் டின்னில் அடுக்கி, துணியில் முடிந்த அடுப்புக்கரி ஒரு பொட்டலம் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுகிறேன். மழைக்காலம் முழுவதற்கும் வேண்டியதை ஐந்தைந்து தாளாகத் தனித்தனி டின்னில். ஒரு டின்னைத் திறந்தால் அதை முடித்த பிறகுதான் அடுத்தது.

வெளியே கிளம்புமுன் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன். தண்ணீர் மேலே பளபளவென்று நின்றால் சரி, உடனே மங்கி உள்ளே இறங்கினால் அது வாஷுக்கு ஆகாது. அப்படிப்பட்ட தாளையும் நான் எறிவதில்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 25 கிராம் ஜெலட்டின் கரைத்து, பட்டைத் தூரிகையால் இரு பக்கமும் பூசிக் காயவைத்தால் பாதிக்கு மேல் மீண்டுவிடும். அம்மா இதைச் சமையலறையில் காய்ச்ச விடமாட்டார், முற்றத்து அடுப்பில்தான். மீளாத தாள் பிள்ளைகளின் கரிக்கோல் வகுப்புக்குப் போகும்.

நிறம் மங்கும் விஷயமும் இருக்கிறது. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் 2017இல் நான் கொடுத்த படம் ஒன்று: காலையில் பிச்சைக்குப் போகும் பிக்குகளின் வரிசை. காவியின் அடர்சிவப்புக்கு அலிசரின் கிரிம்சனைத்தான் நம்பியிருந்தேன். நான்கு வருஷம் கழித்துப் பார்த்தபோது சிவப்பு போய், வெளுத்த பழுப்பில் நடந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பா எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அதே படத்தைத் திரும்ப வரைந்து மாற்றிக் கொடுத்தேன். டியூபின் மேல் சின்ன எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். பிஆர் 83 என்றிருந்தால் அதுதான் வெயிலில் போகும் அலிசரின். அதற்குப் பதில் பிவி 19 வாங்குங்கள், அதோடு இரும்புச் சிவப்பான பிஆர் 101 கொஞ்சம் கலந்தால் காவி நிறம் கிடைக்கும். கடைக்காரர் சொல்லும் பெயரை நம்ப வேண்டாம், குறியீட்டைப் பாருங்கள். நான் புது நிறம் எது வாங்கினாலும் ஒரு துண்டுத் தாளில் பூசி, பாதியைத் தகரத்தால் மூடி, ஒரு கோடை முழுக்க மேற்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டிவைக்கிறேன்.

குடை பற்றி ஒரு வார்த்தை. பாத்தீன் ஊரில் செய்யும் துணிக்குடை அழகு, மழைக்கும் உறுதி. ஆனால் செம்மஞ்சள் துணிக்குக் கீழே உட்கார்ந்து வரைந்தால் தாள் முழுவதும் செம்மஞ்சளாகத் தெரியும், அதை ஈடுகட்ட நம் கை தானாகவே நீலத்தைக் கூட்டிவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் குளிரில் விறைத்திருக்கும். கறுப்புக் குடையே நல்லது. தூரிகையில் அணில் முடியைப் பூச்சி அரித்தது, சூடம் போட்டு வைத்தும் ஒன்று போயிற்று. செயற்கை முடித் தூரிகைகள் அப்படியே இருக்கின்றன.

வாஷைக் காயவைக்க ஹேர் டிரையர் வைத்திருந்தேன். மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில் அதை நம்ப முடியாது. ஜூலையில் ஒரு வாஷ் காய முக்கால் மணி நேரம் ஆகும், பகானில் மார்ச் மாத வெயிலில் இரண்டே நிமிஷம். அதனால் மழைக்காலத்தில் இரண்டு பலகை கொண்டுபோகிறேன். ஒன்று காயும்போது மற்றதில் கை ஓடும். என் மேகங்கள் மென்மையானது இந்தக் காத்திருப்பால்தான் என்று நினைக்கிறேன். விளிம்பு கரைய நேரம் கிடைக்கிறது.

போன ஆகஸ்டில் மறுபடி சௌக்தான் போனேன். அதே படித்துறை, அதே கலவை, மேலிருந்து கீழே ஒரே வீச்சு. மேகம் பகோடாவின் பின்னால் புள்ளியில்லாமல் இறங்கி நின்றது. காயும்வரை காத்திருந்து தாத்தாவிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டுத் தாளின் ஓரத்தை மட்டும் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"தைத் தாளா?"

"ஆமா தாத்தா. தையிலதான் கட்டுனேன்."