மவுண்டன் பைக்கில் பிள்ளைச் சீற்: யாழ்ப்பாணத்து மணலுக்கு எது சரிவரும்?

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. இங்கே மவுண்டன் பைக்கின் சஸ்பென்சனுக்குப் பெரிய வேலையும் இல்லை. பிள்ளைச் சீற்றைப் பழுதாக்குவது மேடுபள்ளத்தைவிட மணலும் உப்பும் வெயிலும்தான்.

முதுகுச் சாய்வும் வாரும் உள்ள பின்சீற் ஐரோப்பிய ஈஎன் 14344 தரப்படி 22 கிலோ வரை தாங்கும். தார் றோட்டுக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பிள்ளை நித்திரையானாலும் வார் பிடித்துக்கொள்ளும். மணலில் இறங்கினால் கதை வேறு. பாரம் பின்னச்சுக்கு மேலே ஏறிவிடுவதால் முன்சில்லு இலேசாகிவிடும். வல்லிபுரம், மணற்காட்டுப் பக்கம் காண்டிலைத் திருப்பினால் சில்லு திரும்பும், சைக்கிள் நேரே போகும். பாலத்தில் சோளகம் பக்கத்தால் அடித்தால் அந்த உயரச் சாய்வு பாய்போலக் காற்றையும் பிடிக்கும். ஸ்பிறிங் உள்ள சீற்றில் ஓடுபவர்கள் ஸ்பிறிங்கைக் கட்டாயம் மூடவேண்டும். பின்னால் இருக்கும் பிள்ளையின் விரல் நேரே அங்கேதான் போகும்.

ஒழுங்கைக்கும் மணலுக்கும் எங்கள் தெரிவு நடுச்சீற். காண்டிலுக்கும் ஓடுபவருக்கும் இடையில் பிள்ளை இருப்பதால் பாரம் இரண்டு சில்லுக்கும் பிரிகிறது. நியூசிலாந்தின் ஷொட்கன் 22 கிலோ வரை, கனடாவின் மக் றைட் 27 கிலோ வரை. இரண்டும் 2 முதல் 5 வயதுக்கு. துவாயைச் சுற்றிப் பாரில் இருத்திய காலத்தின் தொடர்ச்சிதான் இதுவும். வித்தியாசம் கால்மிதியிலும் அதன் வாரிலும். கால் கம்பிக்குள் போகாமல் தடுப்பது அவைதான், ஆகவே வாரைக் கட்டாமல் ஒரு மீற்றர்கூட உருட்டவேண்டாம். முதுகுச் சாய்வு கிடையாது. பிள்ளையின் தலை ஆடத் தொடங்கினால் இறக்குவதைத் தவிர வழியில்லை. முழங்காலை அகட்டி மிதிக்கவேண்டும், 10 கிலோமீற்றருக்குப் பிறகு தொடை கேள்வி கேட்கும்.

பூட்டும்போது காண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பிறேக் கேபிள் இழுபட்டாலோ கால்மிதியில் உரசினாலோ இடத்தை மாற்றவேண்டும். இறுக்கியபின் போல்ற்றின் தலையிலிருந்து கிளாம்ப் (சீற்றைப் பிறேமில் இறுக்கும் பிடி) வரை கியூடெக்ஸால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ற் இளகியிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் இரண்டு செக்கன் வேலை.

பிறேமின் பெயின்ற்றைத் தின்பது கிளாம்ப் அல்ல, அதன் றப்பருக்குள் புகும் மணல். சீற் ஒவ்வொரு அதிர்வுக்கும் மயிரிழை அசைய, அந்த மணல் அரத்தாள்போலத் தேய்க்கும். முதலில் தெளிந்த பாதுகாப்பு ரேப்பை ஒட்டி, அதன் மேல் றப்பரை வைத்துப் பூட்டினால் தேயாது. மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்கவும். பழைய ரியூப் துண்டு வைக்கலாம் என்பார்கள். அது வழுக்கும், சீற் மெல்ல ஒருபக்கம் சாயும்.

ரயர் குறைந்தது 2.2 அங்குலம். 70 கிலோ ஆளும் 15 கிலோப் பிள்ளையும் என்றால் செம்பாட்டு ஒழுங்கையில் 30 பிஎஸ்ஐ அளவு காற்றுப் போதும். மணலுக்கு 22 வரை இறக்கலாம். ஆனால் அதே காற்றோடு சுண்ணாம்புக்கல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒழுங்கைக்குள் வந்தால் ரிம் ரியூபைக் கடித்து, பக்கத்துக்கொன்றாய் இரண்டு ஓட்டை போடும். சின்னப் பம்ப் கையில் இருக்கட்டும். நெருஞ்சி முள்ளுக்கு சீலன்ற் (உள்ளே ஊற்றினால் ஓட்டையை அடைக்கும் திரவம்) நல்லது, ஆனால் இந்த வெக்கைக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும்.

ஹெல்மெற் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் இருக்கவேண்டும். பின்சீற் என்றால் பின்பக்கம் தட்டையானதை வாங்குங்கள். புடைத்த ஹெல்மெற் சாய்வில் முட்டி பிள்ளையின் தலையை முன்னே தள்ளும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை எதிலும் ஏற்றக்கூடாது, கழுத்துத் தாங்காது.

கசூரினா, பண்ணைப் பக்கம் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, போல்ற் மரையில் கிறீஸ் தொட்டுவிடுங்கள். ஒரு கிழமை விட்டால் அலன் கீ சுற்றும், போல்ற் சுற்றாது.