கரெரா ஜிடியா, எல்எஃப்ஏவா? இரண்டு வி10 கார்களின் கணக்கு

போர்ஷே கரெரா ஜிடியின் இன்ஜின் சாலைக்காகப் பிறந்ததே இல்லை. லு மான் 24 மணி நேரப் பந்தயத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த வி10, அதாவது பத்து சிலிண்டர் இன்ஜின் அது. பந்தயத் திட்டத்தைப் பாதியில் கைவிட்டார்கள், இன்ஜின் மிஞ்சியது. அதைப் பொருத்தி 2000இல் பாரிஸில் ஒரு மாதிரிக் காரைக் காட்டினார்கள். 2003 முதல் 2006 வரை லைப்சிக் ஆலையில் 1,270 கார்கள் தயாராயின. 5.7 லிட்டர், 612 குதிரைத்திறன், எடை 1,380 கிலோ.

ஜப்பானின் லெக்சஸ் எல்எஃப்ஏவில் மிச்சம் மீதி எதுவும் கிடையாது. அலுமினிய உடலோடு பல ஆண்டு வளர்ந்த காரை 2005 வாக்கில் ஓரங்கட்டிவிட்டு, கார்பன் ஃபைபரில் மறுபடி தொடங்கினார்கள். தலைமைப் பொறியாளர் ஹருஹிகோ தனாஹாஷி. கார்பன் இழையைப் பின்ன வட்டத் தறி ஒன்றையும் லெக்சஸின் தாய் நிறுவனமான டொயோட்டாவே வடிவமைத்தது. தறி செய்து தொழிலுக்கு வந்த குடும்பம், வேறெப்படிச் செய்யும்? 2010 முதல் 2012 வரை, மாதம் 20 கார் வீதம், மொத்தமே 500.

காகிதத்தில் போர்ஷே முந்துகிறது. எல்எஃப்ஏவின் 4.8 லிட்டர் இன்ஜினில் 560 குதிரைத்திறன்தான். எடையும் ஏறக்குறைய 100 கிலோ கூடுதல். உச்ச வேகத்தில் பெரிய வித்தியாசமில்லை: மணிக்கு போர்ஷே 330, எல்எஃப்ஏ 325 கிலோமீட்டர்.

ஆனால் எல்எஃப்ஏவின் இன்ஜின் சும்மா ஓடும் நிலையிலிருந்து நிமிடத்துக்கு 9,000 சுற்றைத் தொட 0.6 விநாடி போதும். முள் வைத்த மீட்டரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்றுதான் டிஜிட்டல் திரை வைத்தார்கள். சத்தத்தைச் செதுக்க யமஹாவின் இசைக்கருவிப் பிரிவினரும் உட்கார்ந்தார்கள். கரெரா ஜிடியும் அலறும். அது பந்தயக் காரின் அலறல்.

எல்எஃப்ஏ சறுக்கும் இடம் கியர்பாக்ஸ். கியரை வேகமாக மாற்றும் இரட்டைக் கிளட்சுக்கு ஃபெராரி போய்விட்ட காலத்தில், இதில் ஒற்றைக் கிளட்ச் தானியங்கி. கியர் மாறும்போது சின்னதாக ஒரு தயக்கம். கரெரா ஜிடியில் ஆறு கியரையும் கையால்தான் போட வேண்டும். போர்ஷேயின் பழைய 917 பந்தயக் காரின் நினைவாக, கியர் லீவரின் தலையில் மரக் குமிழ். அதன் செராமிக் கிளட்சைப் பழகாதவர் மிதித்தால் இன்ஜின் அடிக்கடி அணைந்துவிடும். கார் வழுக்கும்போது தானே அடக்கும் மின்னணு அமைப்பான ஈஎஸ்பியும் கிடையாது. பின்பக்கம் வழுக்கினால் மீட்பது ஓட்டுநர் பாடு. டயர் பழசாக இருந்தால் அந்த வம்புக்கே போகக் கூடாது.

புதிதாக விற்றபோது அமெரிக்காவில் கரெரா ஜிடி 4,40,000 டாலர், எல்எஃப்ஏ 3,75,000. ‘லெக்சஸுக்கா இவ்வளவு?’ என்று பலர் விலகினார்கள். உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கழித்தும் சில கார்கள் புதிதாகவே ஷோரூமில் கிடந்தன. குதிரைத்திறனையும் பேட்ஜையும் மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். கையும் காலும் வேலை கேட்கும் ஓட்டுநர் போர்ஷேயை எடுக்கட்டும், அதில் தப்பில்லை. என் தேர்வு எல்எஃப்ஏ. அந்த இன்ஜினுக்காக அந்தக் கியர்பாக்ஸைப் பொறுத்துக்கொள்வேன்.