இட்ச்.ஐஓ: பங்கைப் படைப்பாளியே முடிவு செய்யும் கடை

கணினி விளையாட்டுகளை விற்கும் இட்ச்.ஐஓ என்னும், 2013இல் தொடங்கிய இணையக் கடையில், தனியாகவோ சிறு குழுவாகவோ இயங்கும் ஒருவர் முன்கட்டணமோ பதிப்பு நிறுவனத்தின் ஆதரவோ இல்லாமல் தம் ஆக்கத்தை விற்பனைக்கு வைக்கலாம். இதே துறையின் பெரிய இணையக் கடையான ஸ்டீம் வழக்கமாக வருவாயில் 30 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. இங்கோ கடையின் பங்கு எவ்வளவு என்பதைப் படைப்பாளியே தீர்மானிக்கிறார், அவர் விரும்பினால் அதைச் சுழியமாகவும் வைக்கலாம். குறித்த விலைக்கு மேல் கொடுக்க வாங்குபவருக்கும் வழியுண்டு. 2020இல் இன நீதிக்கு நிதி திரட்ட இக்கடையில் விற்ற ஒரு விளையாட்டுத் தொகுப்பு 80 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியதற்கு இந்த ஏற்பாடு பெரிதும் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு.

வடிகட்டல் குறைவு என்பதால் அரைகுறை முயற்சிகளும் குவிந்து கிடக்கின்றன. பெருநிறுவன விளையாட்டுகளின் மெருகை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. அதைவிடக் கவலைக்குரியது, 2025 ஜூலையில் வாங்குபவர் செலுத்தும் பணத்தைக் கையாளும் நிறுவனங்களின் அழுத்தத்தால் வயதுவந்தோருக்கான ஆக்கங்களை இக்கடை தன் தேடலிலிருந்து நீக்க நேர்ந்தது. எனினும், புதிய சிந்தனையைத் தேடுபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இக்கடையைத்தான்.